எதிர்ப்பக்கத்து முக்காலி

நான் அவரை முதன்முதலில் பார்த்தபோது அவர் தன் வீட்டையே சுற்றிக்கொண்டிருந்தார். நல்ல மழை. கையில் கறுப்புக் குடை. முன்வாசல் வழியாக வெளியே வந்தார், கொய்யா மரத்தைத் தாண்டினார், கட்டிப்போட்டிருந்த நாயிடம் ஏதோ பேசினார், கொல்லைக் கதவு வழியாக உள்ளே போனார். கொஞ்ச நேரம் கழித்துக் கொல்லைக் கதவு வழியாக வெளியே வந்து, அதே நாயிடம் மறுபடியும் பேசி, முன்வாசல் வழியாக உள்ளே போனார். என் வீட்டு ஜன்னலில் நின்று பன்னிரண்டு தடவை எண்ணினேன். எழுபதுகளின் கடைசி அது. ஏற்காட்டில் ஒரு காப்பி எஸ்டேட் டிஸ்பென்சரிக்கு நர்ஸாக வந்து எனக்கு அன்றைக்கு மூன்றாவது நாள். பக்கத்து வீட்டுக்காரருக்குப் புத்தி சரியில்லை என்று ஊருக்குக் கடிதம் எழுதிப் போட்டுவிட்டேன்.

மறுநாள் குழாயடியில் அவர் மனைவியைப் பார்த்தேன். நேராகக் கேட்கக் கூச்சமாக இருந்தது.

"ஐயாவுக்கு ஏதாவது வேண்டுதலுங்களாக்கா?"

"வேண்டுதலுமில்ல ஒண்ணுமில்ல சாமி. சண்ட போடறாரு."

"யாரோடங்க?"

"அவருகூடவேதான்" என்று சொல்லிவிட்டு அக்கா குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

எஸ்டேட்டில் அவர் ரைட்டர். யார் வேலைக்கு வந்தார்கள், எந்தப் பகுதியில் என்ன வேலை நடந்தது என்று எழுதி வைத்து, ஆட்களை மேய்க்கிற உத்தியோகம். பெயர் இல்லாமல் இல்லை. ஆனால் யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. அதனால் நானும் இங்கே சொல்லப்போவதில்லை. அப்போது அவருக்கு ஐம்பது வயது இருக்கும். ஒல்லியாக, கழுத்து நீண்டு, எப்போதும் எதையோ எட்டிப் பார்க்கிறவர் மாதிரி இருப்பார்.

அவர் வீட்டு முன்னறையில் வந்தவர்களுக்கு நாற்காலி போட இடம் கிடையாது. காப்பிக்கொட்டை பொறுக்கும் பழைய நீள மேசை ஒன்று அறையை அடைத்துக்கொண்டு நின்றது. அதன்மேல் பச்சைக் கம்பளி. கம்பளிக்கு அடியில் சாக்கை மடித்து வைத்தால் அது மேடு. மரத்தில் படர்ந்த பாசியைப் பிய்த்து வைத்தால் அது காடு. ஆறு ஓடுவதற்கு என்னுடைய நீல ரிப்பன் ஒன்றை வாங்கிக்கொண்டார், திருப்பித் தரவே இல்லை. அதில் இரண்டு படைகள் எதிரெதிரே நிற்கும். காலாட்கள் எல்லாம் பிடுங்கிப்போட்ட காப்பிச் செடியின் கட்டையில் அவரே செதுக்கியது, ஆளுக்கு அரை விரல் உயரம். யானைகள் காப்பி வேரில் செய்தது. குதிரைப்படை மட்டும் ஈயம். எந்தக் காலத்திலோ இருந்த வெள்ளைக்கார துரை பங்களாப் பரணில் ஒரு தகர டப்பாவை விட்டுப் போயிருந்தாராம். இரும்புச் சட்டை போட்ட சீமை வீரர்கள் பதினோரு பேர். இவர் அவர்களுடைய தலைக்கவசத்தை அரத்தால் ராவிவிட்டு, ஆபீசில் தபாலுக்கு முத்திரை வைக்கும் சிவப்பு அரக்கை உருக்கி ஊற்றித் தலைப்பாகை கட்டிவிட்டிருந்தார். பதினோரு துரைகளும் நம் ஊர் மாப்பிள்ளைகளாகிவிட்டார்கள்.

போட்ட சண்டை எல்லாம் அந்தக் காலத்து ராஜாக்கள் சண்டைதான். அதிலும் ஒரே சண்டையைத்தான் திரும்பத் திரும்பப் போட்டார். ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் தக்கோலத்தில் சோழர் படைக்கும் வடக்கேயிருந்து வந்த இராட்டிரகூடர் படைக்கும் நடந்தது. சோழ இளவரசன் யானைமேல் இருந்தபடியே அம்பு பட்டுச் செத்துப்போனான். சரித்திரப் புத்தகத்தில் ஒரு வரி. அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு ஒரு மனுஷர் இருபது வருஷம் ஞாயிற்றுக்கிழமைகளைக் கழித்திருக்கிறார்.

எதிரே ஆட ஆள் கிடையாது. இரண்டு பக்கத்தையும் அவரே ஆடுவார். சோழர் பக்கத்தில் பிரம்பு நாற்காலி, எதிர்ப்பக்கத்தில் ஒரு முக்காலி. நாற்காலியில் உட்கார்ந்து சோழர் படை என்ன செய்யப்போகிறது என்று யோசித்துச் சீட்டில் எழுதி மடித்து வைப்பார். பிறகு எழுந்து வெளியே போய் வீட்டைச் சுற்றிக்கொண்டு கொல்லைக் கதவு வழியாக வந்து முக்காலியில் உட்காருவார். மேசையைச் சுற்றி நாலு எட்டு வைத்தால் போதாதா என்று கேட்டேன்.

"மறக்கோணுமுங்களே நர்ஸம்மா. இக்கட்ட என்ன நெனச்சேன்னு அக்கட்ட உக்காந்திருக்கறவனுக்குத் தெரியக் கூடாதுங்க. நாலு எட்டுல மறக்குமுங்களா? அதான் நாய்கிட்ட ரெண்டு வார்த்த பேசிப்போட்டு வாரேன்."

காப்பியும் இரண்டு டம்ளர். சோழருக்கு ஒன்று, எதிரிக்கு ஒன்று. நாற்காலியில் இருக்கும்போது எதிரியின் காப்பியைத் தொடமாட்டார். அக்காவுக்கு இந்த வேதாந்தம் எல்லாம் கிடையாது. அவர் சோழர் கட்சி. எதிரி டம்ளருக்குச் சர்க்கரை போடவே மாட்டார். முக்காலியில் உட்கார்ந்து அந்தக் கசப்பை மடக்கு மடக்காகக் குடித்துக்கொண்டு ரைட்டர், "எதிரிக்கும் நாக்கு இருக்குது புள்ள" என்பார். அடுக்களையிலிருந்து பதில் வரும். "இருந்தா அவிய ஊட்டுல போயிக் குடிக்கட்டும்."

போகப்போக எனக்கே அந்தச் சண்டை பிடித்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட்டுவிட்டு அவர் வீட்டு வாசல்படியில் போய் உட்கார்ந்துகொள்வேன். நானும் சோழர் கட்சிதான். எதிரி வில்லாளி, முடிச்சுப் போட்ட ஒரு நூலின் நீளத்துக்குள் வந்துவிட்டால் இளவரசன்மேல் அம்பு விடலாம். பித்தளைத் தாயக்கட்டை இரண்டையும் உருட்டி, ஒன்று வெறுமையும் மற்றதில் ஒரு புள்ளியுமாகத் தாயம் விழுந்தால் அம்பு பட்டது என்று கணக்கு. பொழுது சாய்வதற்குப் பத்துச் சுற்று. பத்தையும் தாண்டிவிட்டால் இளவரசன் பிழைத்தான். ஆனால் பத்துச் சுற்றுக்குள் எப்படியாவது ஒரு தாயம் விழுந்துவிடும். நான் வந்த வருஷத்தில் மட்டும் அவன் பதினேழு தடவை செத்தான்.

"அவன ஏனுங்க யானமேல ஒக்கார வெக்கிறீங்க? குதிரையில வெச்சா வில்லுக்காரன் கண்ணுக்குத் தெரியாம ஓடிப்போயிடுவானில்ல?"

"அவன் ஏறுனது யானையிலதானுங்களே. அத மாத்துனா அது வேற சண்டைங்க."

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒன்பது சுற்றுத் தாண்டிவிட்டது. அக்காகூடக் கரண்டியோடு வந்து நின்றுவிட்டார். பத்தாவது சுற்று, கடைசி அம்பு. முக்காலியில் உட்கார்ந்து உருட்டினார். ஒரு கட்டை கம்பளியில் நின்றது. இன்னொன்று மேசை விளிம்பைத் தாண்டித் தரையில் விழுந்து மூன்று புள்ளி காட்டியது. தாயம் இல்லை. நான் எழுந்து கை தட்டினேன்.

"தரையில உழுந்தது செல்லாதுங்க" என்று குனிந்து எடுத்தார்.

"யாருங்க பாத்தாங்க? உடுங்க!"

"நாம் பாத்துட்டனே."

மறுபடியும் உருட்டினார். தாயம். இளவரசனை யானையிலிருந்து எடுத்துக் கம்பளியில் ஒருக்களித்துப் படுக்க வைத்தார். நான் கோபத்தில் சொல்லிக்கொள்ளாமல் வந்துவிட்டேன். அப்புறம் ஜன்னல் வழியாகப் பார்த்தபோது அவர் அங்கேயேதான் உட்கார்ந்திருந்தார், இரண்டு டம்ளர் காப்பியும் ஆறிக் கிடந்தது. "எழவு ஊட்டுக்காரராட்டம் ஒக்காந்துக்கிட்டு இருக்கறாரு பாரு" என்று அக்கா என்னிடம் வந்து புலம்பினார்.

மேசையோடு இது நின்றிருந்தால் பரவாயில்லை. மனுஷர் எங்கே போனாலும் இதே கதைதான். குழாயில் காலையில் அரை மணி நேரம்தான் தண்ணீர் வரும். ஒரு நாள் எனக்கும் அக்காவுக்கும் யார் குடம் முதலில் என்று வாய்த்தகராறு. இவர் வந்தார். முதலில் என் குடத்துக்குப் பின்னால் நின்று பார்த்தார். "இங்கிருந்து பாத்தா நர்ஸம்மா சொல்றது செரியாத்தான் இருக்குது" என்றார். பிறகு சுற்றிக்கொண்டு போய் அக்காவின் குடத்துக்குப் பின்னால் நின்றார். "இங்கிருந்து பாத்தா நீ சொல்றதும் செரிதான் புள்ள." நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்துகொண்டு அவர்மேல் பாய்ந்தோம். அதற்குள் தண்ணீர் நின்றுவிட்டது.

மேனேஜர் திட்டினார் என்று போய்ச் சொன்னால், "அவரு சீட்டுல உக்காந்து பாருங்க" என்பார். எனக்கு அப்பா இல்லை. தங்கை என் சம்பளத்தில் படித்துக்கொண்டிருந்தாள். ஒரு ஆள், ஒரே ஒரு ஆள், கண்ணை மூடிக்கொண்டு என் பக்கம் பேசமாட்டாரா என்று எனக்கு அப்போதெல்லாம் ஏக்கமாக இருக்கும். இந்த மனுஷரிடம் அதை எதிர்பார்ப்பதைவிட நாயிடம் எதிர்பார்க்கலாம் என்று நினைத்துக்கொள்வேன்.

மூன்றாவது வருஷம் ஐப்பசி மழையில் அது நடந்தது. எஸ்டேட்டுகளில் தண்டவாளத் துண்டைத் தொங்கவிட்டு அடிப்பதுதான் மணி. எங்கள் எஸ்டேட்டில் சாயங்காலம் ஐந்துக்கு அடிப்பார்கள், டிஸ்பென்சரியையும் அப்போதுதான் பூட்ட வேண்டும். பள்ளத்துக்கு அப்பால் பக்கத்து எஸ்டேட்டில் நாலுக்கே அடித்துவிடுவார்கள். பனி இறங்கிவிட்டால் சத்தத்துக்குத் திசை கிடையாது. மலைக்குப் புதிதாக வந்தவர்கள் எல்லாரும் ஒரு தடவையாவது அந்த மணியைத் தங்கள் மணி என்று நினைத்து ஏமாந்திருக்கிறார்கள். நானும் வந்த புதிதில் ஏமாந்திருக்கிறேன்.

அன்றைக்கு நான் ஏமாறவில்லை. இப்போது சொல்லிவிடுகிறேன். நாலு மணிக்குக் கேட்டது எங்கள் மணி இல்லை என்று எனக்குத் தெரியும். எங்கள் தண்டவாளத்துக்குக் கனத்த குரல், பக்கத்து எஸ்டேட்டுக்குக் கீச்சுக் குரல். ஆனால் குளிர் எலும்புக்குள் போய்விட்டது, வாரப் பத்திரிகையில் தொடர்கதை வேறு பாதியில் நின்றது. மணி அடித்துவிட்டது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு பூட்டிவிட்டு வந்துவிட்டேன்.

பக்கத்துக் கிராமம் செம்மநத்தத்திலிருந்து களை வெட்ட வந்த பெண் ஒருத்திக்கு நாலரை மணி சுமாருக்கு இடதுகை ஆள்காட்டி விரலில் அரிவாள் பட்டுவிட்டது. ஓடிவந்து பார்த்திருக்கிறாள், டிஸ்பென்சரி பூட்டிக் கிடந்தது. நான் கீழே ஊருக்குப் போய்விட்டேன் என்று நினைத்துக்கொண்டு, இங்கே எல்லாரும் செய்கிற மாதிரி காப்பித்தூளை வைத்து அழுத்திக் கட்டிக்கொண்டு வீட்டுக்கு நடந்துவிட்டாள். நாலாம் நாள் கை முழங்கை வரைக்கும் வீங்கிவிட்டது. சேலத்துக்குக் கொண்டுபோய் விரலின் மேல் கணுவை எடுத்துத்தான் கையைக் காப்பாற்றினார்கள்.

ஆபீசில் விசாரணை. மேனேஜர் உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பக்கத்தில் நோட்டோடு ரைட்டர். மேசைக்கு இந்தப் பக்கம் நானும், தலைத்துணியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு அந்தப் பெண்ணின் புருஷனும். அவள் ஆஸ்பத்திரியில் இருந்தாள். மணி கேட்டதால்தான் பூட்டினேன் என்று நான் சொன்னேன்.

"நம்ம மணி அஞ்சுக்குத்தான் அடிச்சிருக்கு. நாலு மணிக்கு அடிச்சது அடுத்த எஸ்டேட். மூணு வருஷமா இருக்கீங்க, ரெண்டுக்கும் வித்தியாசம் தெரியாதா உங்களுக்கு?" என்றார் மேனேஜர். "நாளைக்குக் குவார்ட்டர்ஸைக் காலி பண்ணிடுங்க" என்று அவர் பேனாவைத் திறந்தார். தங்கையின் முகம்தான் எனக்கு முன்னால் வந்தது.

ரைட்டர் நோட்டை மூடிவைத்தார். மெதுவாக மேசையைச் சுற்றி வந்து என் பக்கத்தில் நின்றார்.

"மணியில்லீங்க. பனி கட்டுது, பூட்டிப்போட்டு ஊட்டுக்குப் போங்கன்னு நாந்தானுங்க சொன்னேன். என்னயக் காட்டிக் குடுக்கக் கூடாதுன்னு நர்ஸம்மா மணி மேல போடறாங்க."

அன்று மதியம் முழுவதும் அவர் மூன்று மைல் தள்ளி மேல் தோட்டத்தில் இருந்தார். என்னைப் பார்க்கவே இல்லை. ஆனால் ரைட்டர் பொய் சொல்லி அந்த மலையில் ஒருவரும் கேட்டதில்லை. அதனால் அந்தப் பொய் செல்லுபடியாகிவிட்டது. "அப்படித்தானா?" என்று மேனேஜர் என்னைக் கேட்டார். ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

அடுத்த வருஷம் அவர் பெரிய ரைட்டராக வேண்டியது. அது போயிற்று. ஆட்களைப் பார்க்கிற வேலையையும் எடுத்துவிட்டு, ஸ்டோரில் சாக்கு எண்ணப் போட்டார்கள். நன்றி சொல்லப் போனேன். "அதப் பத்திப் பேச வேண்டாமுங்க" என்றார். அவ்வளவுதான். நானும் பேசவில்லை. பேசாமல் இருப்பது எனக்குச் சௌகரியமாக இருந்தது.

அதற்கப்புறம் ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் வீட்டைச் சுற்றவில்லை. மேசைமேல் அக்கா மிளகாய் வற்றலைப் பரப்பினார். ரைட்டரைக் கேட்டதற்கு, "கண்ணு செரியாத் தெரியலீங்க நர்ஸம்மா, சின்னச் சின்ன பொம்ம" என்றார். நடந்து நடந்து வீட்டைச் சுற்றிப் புல் முளைக்காத ஒரு தடம் இருந்தது. இரண்டு மழைக்காலத்தில் அதில் புல் மூடிவிட்டது. செம்மநத்தத்துப் பெண் குளிர் காலத்தில் விரல் குடைகிறது என்று டிஸ்பென்சரிக்கு வருவாள், அந்தக் கையை என் முன்னால் நீட்டுவாள். நான் தைலம் தடவிவிடுவேன். அவள் முகத்தை மட்டும் பார்க்கமாட்டேன். இப்படியே நாலு வருஷம் ஓடியது.

எனக்குச் சேலத்தில் அரசாங்க வேலைக்கு உத்தரவு வந்தது. சொல்லிக்கொள்ள அக்காவிடம் போனேன். முற்றத்தில் மிளகு காய்ந்துகொண்டிருந்தது, அக்கா காலால் கிளறிவிட்டுக்கொண்டிருந்தார். பேச்சுவாக்கில், ஐயாவைச் சேலத்துக்குக் கூட்டிவாருங்கள், கண் டாக்டரிடம் காட்டலாம் என்றேன்.

"அவுரு கண்ணுக்கு என்ன கேடு? அந்தக் கோடியில இருக்கற செடியில பழுத்தது எது, காயி எதுன்னு இங்கிருந்தே சொல்லுவாரு."

"அப்புறம் ஏனுங்கக்கா ஆடறதில்ல?"

அக்கா காலை நிறுத்தினார். என்னை ஒரு பார்வை பார்த்தார். நாலு வருஷமாக அடக்கிவைத்திருந்தது அதில் இருந்தது.

"உன்னய வெசாரிக்கறதுக்கு மொத நாளு, அந்த மனுசன் மத்தியானம் பூரா ஊட்டச் சுத்துனாரு சாமி. மேச மேல ஒரு பொம்ம இல்ல. நாக்காலில உக்காந்தா நீயாம். முக்காலியில உக்காந்தா வெரலு போன புள்ளயாம். அடுப்படிப் பலகையப் போட்டு அது மேனேஜராம். மாத்தி மாத்தி உக்காந்து பாத்தாரு. அடுத்த நாளு ஆபீசுல இருந்து வந்தாரு, எல்லா பொம்மையவும் டப்பாவுல போட்டு மூடுனாரு. ஏனுங்கன்னு கேட்டேன். 'இன்னிக்கி ஆபீசுல கட்டயத் திருப்பி வெச்சுப்போட்டேன் புள்ள. இனித் தனியா ஆட முடியாது. என்ன உழுந்தாலும் நானே நம்ப மாட்டேன்'னாரு."

மிளகின் ஓரத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். அவர் எனக்காக வேலையை விட்டுக்கொடுத்தார் என்று மட்டும்தான் நினைத்திருந்தேன். அது எனக்கு முன்பே தெரியும், அதற்கு நான் பழகியும்விட்டேன். ஆட்டத்தையும் சேர்த்துக் கொடுத்துவிட்டார் என்பது தெரியாது.

நேராக ஸ்டோருக்குப் போனேன். அவர் சாக்குகளுக்கு நடுவில் நின்றிருந்தார். மூச்சு வாங்கிக்கொண்டு, "ஐயா, நீங்க தனியா ஆட வேண்டாமுங்க. நாற்காலியில நீங்க உக்காருங்க, முக்காலியில நான் உக்காந்து உருட்டறேன்" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். கோபமெல்லாம் இல்லை.

"நீங்க உருட்டுனா நான் நம்போணுமில்லீங்களா நர்ஸம்மா" என்றார். பிறகு சாக்கு எண்ணப் போய்விட்டார்.

சுரீரென்று பட்டது. வீட்டுக்கு வந்து அழுதேன், திட்டினேன், தங்கைக்கு ஒரு கடிதம் ஆரம்பித்துக் கிழித்தேன். மறுநாள் காலை செம்மநத்தத்துக்கு நடந்தேன்.

அவள் வீட்டு வாசலில் கேழ்வரகு புடைத்துக்கொண்டிருந்தாள். முறத்தைப் பிடித்த கையில் அந்தக் குட்டை விரல். உட்காரக்கூட இல்லை, நின்றபடியே சொல்லிவிட்டேன். ரைட்டர் என்னைப் போகச் சொல்லவில்லை, எங்கள் மணியும் அடிக்கவில்லை, தெரிந்தேதான் பூட்டிவிட்டுப் போனேன் என்று.

அவள் முறத்தைக் கீழே வைத்தாள்.

"தெரியுமுங்க. ஆஸ்பத்திரியில இருந்து நான் ஊட்டுக்கு வந்த அன்னிக்கே ரைட்டரு நடந்து வந்தாரு. 'உனக்கு எதிராப் பொய் சொல்லிப்போட்டேன், உங்கிட்ட நெசத்தச் சொல்லோணும். நீ மேனேஜருகிட்டச் சொல்றதுன்னா வா, நானும் வந்து ஆமாங்கறேன்'னாரு."

"நீ ஏன் சொல்லல?"

"எம் மவ பொறக்கறப்பக் கொட்டற மழையில இங்க நடந்து வந்து பிரசவம் பாத்தது நீங்கதான? உங்களத் தொரத்திப்போட்டா வெரலு மொளச்சு வருமுங்களா?" குட்டை விரலைத் தடவிக்கொண்டாள். "நீங்களே ஒரு நாளைக்கி வந்து சொல்லுவீங்கன்னாரு ரைட்டரு. நொம்ப நாளாக்கிப்போட்டீங்க நர்ஸம்மா."

நாலு வருஷமாக எல்லாம் தெரிந்துகொண்டுதான் அந்தக் கையை என் முன்னால் நீட்டியிருக்கிறாள். திரும்பி வரும்போது வழி நெடுக எனக்கு அதுதான் ஓடிக்கொண்டிருந்தது. வந்ததும் நடந்ததை எல்லாம் எழுதி ஆபீசில் கொடுத்தேன். பழைய மேனேஜர் போய்விட்டிருந்தார். புதியவர் படித்துப் பார்த்து, "இப்ப எதுக்கும்மா இதெல்லாம்?" என்று ஃபைலில் வைத்துக்கொண்டார்.

ரைட்டரிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியிருக்கவில்லை, மலையில் பேச்சு பஸ்ஸைவிட வேகமாகப் போகும். ஞாயிற்றுக்கிழமை மதியம் ஜன்னலில் பார்த்தால் அக்கா மேசையிலிருந்த மிளகாயை முறத்தில் வாரிக்கொண்டிருந்தார். நான் அவர் வீட்டு முன்வாசலுக்குப் போனேன். உள்ளே நுழையவில்லை. கொய்யா மரத்தைத் தாண்டி, பழைய நாய் செத்து அந்த இடத்தில் கட்டியிருந்த புது நாயிடம் இரண்டு வார்த்தை பேசி, புல்லில் கால் நனையச் சுற்றிக்கொண்டு கொல்லைக் கதவு வழியாக உள்ளே போய் முக்காலியில் உட்கார்ந்தேன். அவர் நாற்காலியில் உட்கார்ந்து இளவரசனைத் துடைத்து யானைமேல் வைத்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்து, "வாங்க" என்றார்.

அக்கா இரண்டு டம்ளர் காப்பி கொண்டுவந்து வைத்தார். என் டம்ளரில் சர்க்கரை இல்லை. ஒரு சொட்டு மீதி வைக்காமல் குடித்தேன்.

பத்துச் சுற்று. என் வில்லாளிகள் ஐந்தாவது சுற்றில் நூலின் நீளத்துக்குள் வந்துவிட்டார்கள். நான் உருட்டும்போதெல்லாம் அவர் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். "என்ன உழுந்துச்சுங்க?" என்று அங்கே பார்த்தபடியே கேட்பார். நாலு என்றேன். அடுத்த தடவை பன்னிரண்டு, அதற்கடுத்து ஆறு. சொன்னதை எல்லாம் "செரி" என்று எடுத்துக்கொண்டு தன் ஆட்டத்தை ஆடினார். பத்தாவது சுற்று வந்தது. யானைமேல் இளவரசன் அப்படியே இருந்தான். மறுநாள் குப்பனூர் வழியாகப் போகும் முதல் பஸ்ஸில் நான் மலையை விட்டு இறங்கிப் போகிறேன். இருபது வருஷமாக அவர் காத்திருந்த ஒன்றை என் வாயால் கொடுத்துவிட்டுப் போகலாம். அக்கா அடுக்களையில் இருந்தார். ரைட்டர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைசி அம்பு. உருட்டினேன். இரண்டு கட்டையும் கம்பளியிலேயே நின்றன. ஒன்று வெறுமை, ஒன்றில் ஒரு புள்ளி.

"என்ன உழுந்துச்சுங்க நர்ஸம்மா?"

கட்டைகளை இன்னொரு தடவை பார்த்தேன்.

"தாயமுங்க" என்றேன்.

"செரி" என்றார். திரும்பி, கை நீட்டி, இளவரசனை யானையிலிருந்து எடுத்துக் கம்பளியில் ஒருக்களித்துப் படுக்க வைத்தார். கட்டைகள் அவர் கைக்கு அருகிலேயே கிடந்தன. அவற்றை அவர் பார்க்கவே இல்லை.